காற்றைக் கணிப்பது கோச் என்றால், சுடுபவருக்கு என்ன வேலை? (1000 கெஜக் குழுப் போட்டி பற்றி ஒரு கேள்வி)

செந்தூரன்_சரே எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கோயம்புத்தூரில் பள்ளி நாளிலிருந்து 10 மீட்டர் ஏர் ரைஃபிளும், கல்லூரியில் 50 மீட்டர் ப்ரோனும் (குப்புறப் படுத்துச் சுடுவது) சுட்டுவந்தவன் நான். மேற்படிப்புக்காக இங்கிலாந்தின் சரே பகுதிக்கு வந்த இடத்தில், பிஸ்லி துப்பாக்கித் திடல் அரை மணி நேரப் பயணத்தில் இருப்பது தெரிந்து, ஒரு சங்கத்தில் சேர்ந்து டார்கெட் ரைஃபிள் கற்று வருகிறேன். தொலைநோக்கி பொருத்தாமல், வட்டத் துளைக் குறிகாட்டியை மட்டும் நம்பி, கையில் வாரை இறுக்கிக் குப்புறப் படுத்துச் சுடும் முறை என்பதால், 50 மீட்டரில் பழகிய உடம்புக்கு அது அந்நியமாகப் படவில்லை. அந்நியமாகப் பட்டது வேறொன்று. அதைக் கேட்கத்தான் இந்த இழை.

சென்ற மாதம் எங்கள் சங்கத்தின் எட்டுப் பேர் குழுவில் ஒருவர் வராமல் போகவே, மாற்று ஆளாக என்னை இறக்கினார்கள். பிஸ்லியின் ஸ்டிக்கிள்டவுன் திடலில் முதலில் 900 கெஜம், பிறகு 1000 கெஜம். நான் படுத்ததும் குழுவின் கோச் எனக்குப் பக்கத்தில், கொஞ்சம் பின்தள்ளி, தாழ்வான நாற்காலியில் அமர்ந்து, தாங்கியில் நின்ற தொலைநோக்கியில் கண்ணை வைத்துக்கொண்டார். "காற்றுக் குமிழை நீங்கள் தொட வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்றார். காற்றுக்கு ஏற்பக் குறிகாட்டியை இடவலமாக நகர்த்தும் திருகுதான் அந்தக் குமிழ். அதன் பிறகு ஒவ்வொரு குண்டுக்கும் முன்னால் அவருடைய கை என் துப்பாக்கிக்கு நீளும். இரண்டு கிளிக், மூன்று கிளிக் திருப்பும். "பொறு" என்பார், அல்லது "போ" என்பார். நான் விசையை அழுத்துவேன். 1000 கெஜத்தில் பதினைந்து குண்டுகளுக்கு 75க்கு 71 வந்தது. எல்லோரும் முதுகில் தட்டிப் பாராட்டினார்கள். எனக்கோ வேறொருவர் எழுதிய பரீட்சைக்கு நான் கையெழுத்துப் போட்டதுபோல் இருந்தது.

50 மீட்டரில் காற்றுக் கொடியை நானே பார்ப்பேன், நானே திருத்துவேன், தவறினால் என்னையே திட்டிக்கொள்வேன். இங்கே அந்த முடிவை வேறொருவர் எடுப்பதென்றால், சுடுபவருடைய திறமை என்று எதைச் சொல்வது?

இன்னொன்றும் உண்டு. ஒவ்வொரு குண்டுக்குப் பிறகும், இலக்குக்குக் கீழே குழியில் இருப்பவர்கள் இலக்கை இறக்கிக் குறித்து மறுபடி ஏற்றுவதற்குள், "எங்கே போனது?" என்று கோச் கேட்டுக்கொண்டே இருந்தார். நான் ஒவ்வொரு முறையும் "நன்றாகத்தான் இருந்தது" என்றேன். ஏழெட்டு முறைக்குப் பிறகு அவர் முகம் சற்றுக் கடுத்தது. நான் செய்த பிழை என்ன?

*

பழைய_ஸ்லிங் எழுதியது:

தம்பி செந்தூரன், முதலில் ஒரு கணக்கைப் பார்த்துவிடுவோம். 1000 கெஜத்தில் பிஸ்லியின் ஐந்து புள்ளி நடுவட்டத்துக்கு விட்டம் 24 அங்குலம். அதாவது நடுவிலிருந்து விளிம்பு வரை ஓரடி. நாம் சுடும் 155 கிரெயின் (சுமார் 10 கிராம்) குண்டு அவ்வளவு தூரம் போய்ச் சேர ஏறத்தாழ ஒன்றரை விநாடி ஆகிறது. குறுக்கே அடிக்கும் காற்று மணிக்கு ஒரு மைல் கூடினாலோ குறைந்தாலோ, போய்ச் சேரும் இடம் ஏறக்குறைய 9 அங்குலம் நகர்ந்துவிடும். ஆகவே காற்றுக் கணிப்பு ஒன்றரை மைல் பிசகினால், நீங்கள் எவ்வளவு அழகாக விசையை அழுத்தியிருந்தாலும் அந்தக் குண்டு நாலு புள்ளிதான். ஒன்றரை மைல் வேறுபாட்டை உங்கள் கன்னம் உணராது.

50 மீட்டரில் கொடிகள் உங்கள் கண்ணெதிரே, கையெட்டும் தூரத்தில் ஆடுகின்றன. ஸ்டிக்கிள்டவுனிலோ கிட்டத்தட்ட ஒரு கிலோமீட்டர் நீளத்துக்குக் கொடிகள் வரிசையாக நிற்கின்றன. முன்வரிசைக் கொடி இடப்பக்கம் அசையும் நேரத்தில் நடுவரிசைக் கொடி தொங்கிக்கொண்டிருக்கும். போதாததற்கு, குண்டு போகும் வழி நேர்கோடும் அல்ல. நடுவழியில் பார்வைக் கோட்டுக்கு ஏறத்தாழ மூன்று மீட்டர் மேலே ஏறி இறங்குகிறது. துணிக்கொடி கனமானது என்பதால் காற்று தணிந்த பிறகும் சற்று நேரம் பழைய கதையையே சொல்லிக்கொண்டிருக்கும். எனவே கோச் கொடியை மட்டும் நம்புவதில்லை. தொலைநோக்கியின் கூர்மையை இலக்குக்குச் சற்று முன்னால் நிறுத்தினால் தரையிலிருந்து எழும் கானல் தெரியும். வெயிற்கால நெடுஞ்சாலையில் நாம் பார்க்கும் அதே அலைவுதான். அது இடமாக ஓடுகிறதா, வலமாக ஓடுகிறதா, நேர்மேலே கொதிக்கிறதா என்பதைப் பார்த்து அவர் அரை மைல் வேறுபாட்டைக்கூடப் பிடிப்பார். கானல் கொதிப்பதுபோல் தெரிந்தால் காற்று திடல் நீளத்துக்கு ஓடுகிறது, அல்லது திசை மாறப்போகிறது என்று பொருள்; "பொறு" என்ற சொல் பெரும்பாலும் அப்போதுதான் வரும். மேகம் மூடிய நாளில் கானலும் இருக்காது. அன்றைக்குக் கொடியும் மரக்கிளையும்தான் கதி.

இதையெல்லாம், துளைக்குப் பின்னால் ஒற்றைக் கண்ணோடு, குழல் முனையில் உள்ள வளையத்துக்குள் கறுப்பு வட்டத்தை நிறுத்திவைத்திருக்கும் ஆள் பார்க்க முடியாது. தலையைத் தூக்கிப் பார்க்கலாம். பார்த்துவிட்டு மறுபடி கன்னத்தைப் பதிப்பதற்குள் காற்று மாறியிருக்கும். தனிப் போட்டிகளில் வேறு வழியில்லாமல் நாம் எல்லோரும் அப்படித்தான் சுடுகிறோம். குழுப் போட்டியில் அந்தப் பாரத்தை இன்னொருவர் வாங்கிக்கொள்கிறார்.

இனி உங்கள் இரண்டாவது கேள்வி. என்னைக் கேட்டால் உங்கள் முதல் கேள்விக்கும் பதில் அதற்குள்தான் இருக்கிறது. விசை விடுபட்ட அந்தக் கணத்தில் வளையம் எங்கே நின்றது என்பது இந்த உலகத்தில் ஒரே ஒருவருக்குத்தான் தெரியும். அதைச் சொல்வதைத்தான் நாங்கள் "கால்" (ஆங்கில call) கொடுப்பது என்கிறோம். கடிகார முகத்தை வைத்து, "மூன்று மணி, அரை மினிட்" (மினிட் என்பது கோண அளவு, 1000 கெஜத்தில் சுமார் பத்தரை அங்குலம்) என்றால் வலப்பக்கம் சுமார் ஐந்து அங்குலம் இழுத்துவிட்டேன் என்று பொருள். நீங்கள் அப்படி இழுத்துவிட்டு "நன்றாகத்தான் இருந்தது" என்று சொல்வதாக வைத்துக்கொள்ளுங்கள். இலக்கு மேலே வருகிறது. குண்டு பட்ட இடத்தைக் காட்டும் குறித்தட்டு வலப்பக்கம் ஐந்தாறு அங்குலத்தில் நிற்கிறது. சுட்டவர் சரியாகச் சுட்டதாகச் சொல்கிறார். ஆகவே இடப்பக்கத்திலிருந்து வரும் காற்று அரை மைலுக்கு மேல் கூடியிருக்க வேண்டும் என்று கோச் முடிவு செய்து, இடப்பக்கம் இரண்டு கிளிக் திருப்புகிறார். அடுத்த குண்டை நீங்கள் மாசுமறுவின்றிச் சுடுகிறீர்கள். அது இடப்பக்கம் போகிறது. இப்போது அவருக்குத் தன் கண் மீதே சந்தேகம் வந்துவிடும். நீங்கள் எழுந்த பிறகு அதே இடத்தில் படுக்கும் அடுத்த ஆளுக்கும் அந்தத் தவறான கணிப்புதான் தொடக்கப் புள்ளி.

அன்றைய உங்கள் நாலு புள்ளிக் குண்டுகளில் எத்தனை காற்றால் வந்தன, எத்தனை உங்கள் வாயால் வந்தன என்று அந்தக் கோச் வீட்டுக்குப் போய் யோசித்திருப்பார். முகம் கடுத்ததற்கு அதுதான் காரணமாக இருக்கும். 71 நல்ல எண்ணிக்கை, அதில் சந்தேகமில்லை.

*

வடம்போக்கித்தெரு எழுதியது:

நான் துப்பாக்கியைக் கையால் தொட்டவன் அல்லன். பழைய விளையாட்டுச் செய்திகளைத் தேடிப் படிக்கிற பழக்கம் மட்டும் உண்டு. பழைய_ஸ்லிங் ஐயா சொன்னதைப் படித்ததும் 1874ஆம் ஆண்டு நியூயார்க் அருகே நடந்த ஒரு போட்டி நினைவுக்கு வந்தது. குழு என்பது எவ்வளவு மெல்லிய நூலில் தொங்குகிறது என்பதற்கு அதைவிடப் பொருத்தமான கதை எனக்குத் தெரிந்து இல்லை.

1873இல் அயர்லாந்துக் குழு, இங்கிலாந்தையும் ஸ்காட்லாந்தையும் வென்று, நெடுந்தூரக் குழுப் போட்டிக்கான எல்கோ கேடயத்தை முதன்முறையாகக் கைப்பற்றியது. அந்த உற்சாகத்தில் அதன் தலைவர் மேஜர் லீச், நியூயார்க் நாளிதழ் ஒன்றின் வழியாக அமெரிக்கர்களுக்கு அறைகூவல் விடுத்தார். அமெரிக்கர்களுக்கோ அப்போது அவ்வளவு நெடுந்தூரம் சுடும் துப்பாக்கியே கிடையாது என்று சொல்லிவிடலாம். லாங் ஐலண்டில் கிரீட்மூர் திடல் திறந்தே சில மாதங்கள்தான் ஆகியிருந்தன. ரெமிங்டன், ஷார்ப்ஸ் என்ற இரண்டு தொழிற்சாலைகளும் இந்தப் போட்டிக்கென்றே பின்புறம் தோட்டா ஏற்றும் துப்பாக்கிகளைச் செய்து கொடுத்தன. அயர்லாந்துக்காரர்கள் கொண்டுவந்தவை, ரிக்பி செய்த, குழல் வாய் வழியாக மருந்தும் குண்டும் இடிக்கும் துப்பாக்கிகள்.

செப்டம்பர் 26 அன்று பக்கத்துக்கு ஆறு பேராக 800, 900, 1000 கெஜங்களில் தலைக்குப் பதினைந்து குண்டுகள் சுட்டார்கள். நடுவில் பட்டால் அந்நாளில் நான்கு புள்ளி. 800 கெஜத்தில் அமெரிக்கா 326, அயர்லாந்து 317. 900இல் அயர்லாந்து 312, அமெரிக்கா 310. 1000இல் அயர்லாந்து 302, அமெரிக்கா 298. கூட்டிப் பாருங்கள்: 934க்கு 931. இதில் 900 கெஜத்தில் அயர்லாந்தின் மில்னர் சுட்ட ஒரு குண்டு அற்புதமாக நடுவில் போய்ப் பட்டது. ஆனால் அது பக்கத்து இலக்கு. விதிப்படி சுழியம். அந்த நான்கு புள்ளி எண்ணப்பட்டிருந்தால் 935. அயர்லாந்து ஒரு புள்ளியில் வென்றிருக்கும்.

கடைசிக் குண்டைச் சுட வேண்டியவர் அமெரிக்கக் குழுவின் கர்னல் போடைன். அவர் சுடுவதற்குமுன் அயர்லாந்து ஒரு புள்ளி முன்னால் நின்றது. அந்த நேரம் பார்த்து, அவர் கையில் வைத்திருந்த இஞ்சி பீர் புட்டி வெடித்துக் கையைக் கிழித்தது. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டு படுத்து, நடுவில் போட்டார்.

1876இல் அமெரிக்கச் சுதந்திர நூற்றாண்டை ஒட்டி அதே திடலில் அயர்லாந்து, ஸ்காட்லாந்து, கனடா, ஆஸ்திரேலியா ஆகியவற்றின் குழுக்களும் வந்து சுட்டன. பால்மா என்று இன்று அழைக்கப்படும் போட்டியின் தொடக்கம் அதுவே. கிரீட்மூர் திடல் இருந்த இடத்தில் இப்போது ஒரு மனநல மருத்துவமனை இருக்கிறது.

கேட்காமலே ஒன்று சொல்லிவிடுகிறேன்: செந்தூரன் பிஸ்லியில் "கோலாப்பூர் கோப்பை" என்ற பெயரைப் பார்த்திருப்பார். அது நம் மராட்டியக் கோலாப்பூர் அரசரின் கொடைதான். 1871 முதல் சுடப்படுகிறது. அதிலும் குழுவுக்கு எட்டுப் பேர். தூரம்தான் குறைவு, 300, 500, 600 கெஜம்.

*

ஒட்டாவா_மலர் எழுதியது:

மில்னர் கதையை எங்கள் சங்கத்தில் யாரும் சிரித்துக்கொண்டு சொல்வதில்லை, ஏனென்றால் ஏறக்குறைய எல்லோருக்கும் அது நடந்திருக்கிறது. எனக்கு நடந்தது ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, 900 கெஜத்தில். எங்கள் இலக்கின் எண் பதினேழு. பத்தாவது குண்டுக்குக் கோச் "பொறு" என்றவர் மூன்று நிமிடம் ஒன்றும் சொல்லவில்லை. கை மரத்துப்போனதால் இடது முழங்கையைத் தூக்கி ஒரு முறை உதறிவிட்டு மறுபடி ஊன்றினேன். அந்த அசைவில் துப்பாக்கி வாய் சற்றே திரும்பியதை நான் கவனிக்கவில்லை. "போ" என்ற குரல் வந்தது, வளையத்துக்குள் கறுப்பு வட்டம் அழகாக நின்றது, சுட்டேன். பதினேழு அசையவே இல்லை. பதினெட்டு மெதுவாகக் கீழே இறங்கியது. பதினெட்டில் படுத்திருந்தவர் இன்னும் சுடவேயில்லை என்று என்னைத் திரும்பிப் பார்த்தார். அது நடுவட்டத்துக்குள் இருக்கும் சின்ன வீ வட்டத்தில் பட்டிருந்தது என்பதுதான் வயிற்றெரிச்சல். எங்கள் குழு அன்று இரண்டு புள்ளியில் தோற்றது. அன்றிலிருந்து நீண்ட காத்திருப்புக்குப் பிறகு, சுடுமுன் எண் பலகையைப் பார்த்து எண்ணை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பது எங்கள் சங்கத்தில் வழக்கமாகிவிட்டது.

பழைய_ஸ்லிங் அண்ணன் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றில் எனக்கு உடன்பாடில்லை. காற்றுக் குமிழைக் கோச் கை நீட்டித் திருப்புவதா, சொல்லச் சொல்லச் சுடுபவரே திருப்புவதா என்பதில் சங்கத்துக்குச் சங்கம் வேறுபாடு உண்டு. நான் இரண்டாவது முறையின் பக்கம். கோச் "வலது அரை" என்பார். நான் திருப்பிவிட்டு, குமிழின் எண்ணைப் படித்து, "வலது நாலரை" என்று திருப்பிச் சொல்வேன். ஒருமுறை எங்கள் கோச் அவசரத்தில் எதிர்ப்பக்கம் சொல்லிவிட்டதை அப்படித்தான் பிடித்தோம். கோச்சின் கையே திருப்பியிருந்தால் அந்தக் குண்டு மூன்று புள்ளிக்குப் போயிருக்கும். வேகம் வேண்டும், சுடுபவர் பார்வையை எடுக்கக்கூடாது என்பவர்கள் முதல் முறையை விரும்புவார்கள். அதிலும் நியாயம் இருக்கிறது.

செந்தூரனின் முதல் கேள்விக்கு, பால்மாவில் ஒரு குழு எப்படி இயங்குகிறது என்று பார்த்தால் விளங்கும். நான்கு ஆண்டுக்கு ஒருமுறை நடக்கிறது. 2003இல் உங்கள் பிஸ்லியில், 2007இல் எங்கள் ஒட்டாவாவின் கன்னாட் திடலில், 2011இல் பிரிஸ்பேனில், 2015இல் ஒஹாயோவின் கேம்ப் பெர்ரியில், 2019இல் நியூசிலாந்தின் டிரென்டமில் நடந்தது. சுடுபவர்கள் பதினாறு பேர். தலைக்கு 800, 900, 1000 கெஜங்களில் பதினைந்து பதினைந்தாக 45 குண்டுகள். குண்டுக்கு ஐந்து என்று கணக்கிட்டால் மொத்தம் 3,600 புள்ளிகள். பதினாறு பேரையும் நான்கு இலக்குகளுக்குப் பிரித்து, இலக்குக்கு ஒரு கோச் அமர்கிறார். அந்த நால்வரின் காதிலும் தலைமைக் கோச்சின் குரல் ஒலித்துக்கொண்டே இருக்கும். ஒன்றாம் இலக்கில் ஒருவர் சுட்ட குண்டு அடுத்த சில விநாடிகளில் மற்ற மூன்று இலக்குகளின் காற்றுக் கணிப்பையும் மாற்றுகிறது. ஆகவே ஒருவர் இழுத்துவிட்டு மறைத்தால், அந்தப் பொய் நான்கு துப்பாக்கிகளில் பரவும். அதனால்தான் குழுவுக்கு ஆள் எடுக்கும்போது 75க்கு 75 சுடுபவரைவிட, 73 சுட்டு ஒவ்வொரு குண்டையும் சரியாகச் சொல்பவரைக் கேட்கும் கோச்சுகளை நான் பார்த்திருக்கிறேன்.

காற்றை எடுத்துவிட்டால் உங்களிடம் மிச்சமிருப்பது மேல்கீழ்ப் பரவல். அதைக் கோச் தொட முடியாது. மூச்சு, கன்னப் பதிவு, வாரின் இறுக்கம், விசை எல்லாம் அதில் எழுதப்பட்டுவிடும். உங்கள் பதினைந்து குண்டுகளின் குறிப்புத் தாளை எடுத்து, இடம் வலத்தை மறந்துவிட்டு, உயரத்தை மட்டும் அளந்து பாருங்கள். அது முழுக்க உங்களுடையது.

*

செந்தூரன்_சரே எழுதியது:

மூவருக்கும் நன்றி. மலர் அக்கா சொன்னபடி தாளை எடுத்து அளந்தேன். மேல்கீழ்ப் பரவல் 17 அங்குலம். ஆனால் அதில் இரண்டு குண்டுகள் மட்டும் தனியே தாழ்ந்திருக்கின்றன, அவற்றை விட்டால் 11. அந்த இரண்டும் நீண்ட "பொறு"வுக்குப் பிறகு சுட்டவை என்று இப்போது நினைவுக்கு வருகிறது. மூச்சை அடக்கிக்கொண்டே காத்திருந்தேன் போலிருக்கிறது.

உண்மையைச் சொன்னால், "நன்றாகத்தான் இருந்தது" என்று நான் சொன்னதில் பாதிக்குப் பாதி எனக்கே தெரியாமல் சொன்னது. 50 மீட்டரில் மின்னணுத் திரையில் அடுத்த நொடியே புள்ளி தெரிந்துவிடும். எங்கே விட்டேன் என்று நினைவில் வைக்க வேண்டிய தேவையே எனக்கு இருந்ததில்லை. கோச்சிடம் போய், எனக்குச் சொல்லத் தெரியவில்லை என்று ஒப்புக்கொள்வதா, அல்லது பழகிக்கொண்டு போவதா? பழகுவது என்றால் எப்படி?

*

பழைய_ஸ்லிங் எழுதியது:

இரண்டையும் செய்யுங்கள், போய்ச் சொல்வதை முதலில் செய்யுங்கள். தெரியாதபோது "தெரியவில்லை" என்று சொல்வதும் ஒரு கால்தான். அதைக் கேட்டால் கோச் அந்தக் குண்டை ஒதுக்கிவைத்துவிட்டுக் கானலை மட்டும் நம்புவார். தவறான திருத்தம் நேராது. நான் சேர்ந்த முதல் இரண்டு ஆண்டுகளில் பாதி நேரம் அதைத்தான் சொன்னேன். என்னைக் குழுவிலிருந்து எடுக்கவில்லை. மலர் சொன்ன குமிழ் விஷயத்திலும் எனக்குச் சண்டையில்லை. அந்தக் கோச் எங்கள் சங்கத்தவராக இல்லாதவரை.

பழகுவதற்கு ஒரு வழி. 300 கெஜத்தில், காற்று அதிகம் தொல்லை தராத காலை வேளையில், தனியாகச் சுடுங்கள். இலக்கின் படம் போட்ட குறிப்பேட்டைத் துப்பாக்கிக்குப் பக்கத்திலேயே, கன்னத்தை எடுக்காமல் எட்டும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள். குண்டு போனதும் இலக்கு கீழே இறங்கும். அது மறுபடி மேலே வருவதற்குள், வளையம் எங்கே நின்றது என்று நினைக்கிறீர்களோ அங்கே பென்சிலால் ஒரு சிலுவை போடுங்கள். மேலே வந்ததும் உண்மையான இடத்தில் ஒரு வட்டம். இலக்கு வந்த பிறகு சிலுவையை அழிக்கவோ நகர்த்தவோ கூடாது. அதனால் அழிப்பானை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். நீண்ட "பொறு" வந்தால் மூச்சை முழுவதும் விட்டுவிட்டு, நாலைந்து முறை சாதாரணமாக இழுத்து விடுங்கள். கோச் "போ" என்றதும் இரண்டு விநாடி எடுத்துக்கொண்டால் அவர் கோபிக்கமாட்டார். ஐந்து விநாடி எடுத்தால் கோபிப்பார்.

*

செந்தூரன்_சரே எழுதியது:

நேற்றுக் காலை 300 கெஜத்தில் பதினைந்து குண்டுகள். எட்டில் சிலுவையும் வட்டமும் ஒட்டி நின்றன. மீதி ஏழில் ஐந்து வட்டங்கள் சிலுவைக்கு வலப்பக்கம், ஏறக்குறைய ஒரே அளவு தள்ளி. இரண்டு மட்டும் தாறுமாறு. கோச்சிடம் தாளைக் காட்டினேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "விசையை நீங்கள் விரல் நுனியால் அழுத்தாமல் மூட்டால் இழுக்கிறீர்கள், அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அதுவரை நீங்கள் நடு என்று சொன்னால் நான் வலது கால்வாசி மினிட் என்று வைத்துக்கொள்கிறேன்" என்றார். அடுத்த சனிக்கிழமை 1000 கெஜத்துக்கு என் பெயர் பட்டியலில் இருக்கிறது, இந்த முறை மாற்று ஆளாக அல்ல. குமிழைத் திருப்புவது யார் என்று மட்டும் இன்னும் கேட்கவில்லை.